குளோபசாம் மாத்திரை: ஒரே அட்டை, இரண்டு விதமான கவனம்

குளோபசாம் மாத்திரையை மெடிக்கலில் இரண்டு வகை ஆட்கள் வாங்குகிறார்கள். ஒருவர் வலிப்புக்கு வாங்குகிறார், இன்னொருவர் பதற்றத்துக்கு வாங்குகிறார். அட்டை ஒன்று, மருந்தும் ஒன்று. ஆனால் வலிப்புக்கு வாங்குகிறவர் மாத்திரை ஒரு நாளும் தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பதற்றத்துக்கு வாங்குகிறவர் இது எந்தத் தேதியில் முடியும் என்று முதல் நாளே டாக்டரிடம் கேட்டு வைக்க வேண்டும். கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் இந்த மருந்தால் வருகிற தொல்லைகளைப் பார்த்தால், பெரும்பாலும் இந்த இரண்டும் இடம் மாறிப் போனதுதான் காரணமாக இருக்கிறது. வலிப்புக்காரர் "நல்லாயிருச்சுங்க" என்று தானாக நிறுத்திவிடுகிறார். பதற்றக்காரர் பழைய சீட்டையே காட்டி வருடக்கணக்கில் வாங்கிக்கொண்டிருக்கிறார்.

இது பென்சோடயசெபின் என்ற குடும்பத்து மருந்து. 1966-ல் கண்டுபிடித்தார்கள். முதலில் பதற்றத்துக்குத்தான் விற்பனைக்கு வந்தது, வலிப்புக்கான மருந்தாக 1984 முதல் விற்கிறார்கள். அமெரிக்காவில் 2011-ல்தான் அனுமதி கிடைத்தது, அதுவும் லெனாக்ஸ் காஸ்டோ என்ற கடுமையான குழந்தைப் பருவ வலிப்புக்கு, மற்ற மருந்தோடு சேர்த்துக் கொடுக்க. நம் நாட்டின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலும் இது இருக்கிறது. ஃப்ரிசியம் என்ற பெயரில் பல வீடுகளில் பழக்கமான மாத்திரை இதுதான். வேறு பல கம்பெனிகளும் வேறு வேறு பெயரில் போடுகின்றன. எந்தப் பெயராக இருந்தாலும் அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் "குளோபசாம்" என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை 5, 10, 20 மி.கி. என்று மூன்று அளவில் வருகிறது. முழுங்குகிற வகையும் உண்டு, நாக்கில் வைத்தால் கரைகிற வகையும் உண்டு. முழுங்கும் மாத்திரை சின்னது, தொண்டையில் சிக்காது. சாப்பாட்டுக்கு முன்னாலும் போடலாம், பின்னாலும் போடலாம், மருந்து உடம்பில் ஏறுவதில் பெரிய வித்தியாசம் இல்லை. மாத்திரையை முழுங்க முடியாத குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் நன்றாகப் பொடித்து ஒரு கரண்டி மசித்த பழத்தில் கலந்து உடனே கொடுக்கலாம். டம்ளர் பாலில் கலந்தால் பாதி டம்ளரிலேயே ஒட்டிக்கொள்ளும், குழந்தை மிச்சம் வைத்துவிட்டால் எவ்வளவு போயிற்று என்று தெரியாது. அதனால் கரண்டியே நல்லது.

பாதி மாத்திரை எழுதியிருந்தால் நடுவில் கோடு இருக்கிற மாத்திரையை மட்டும் உடையுங்கள். கோடு இல்லாததைக் கத்தியால் வெட்டினால் ஒரு துண்டு பெரிதாகவும் ஒரு துண்டு சிறிதாகவும் போய், தினமும் அளவு மாறும். 10-ல் பாதி போடுவதற்கு 5 மி.கி. மாத்திரையே கிடைக்குமென்றால் அதை எழுதித் தரச் சொல்லுங்கள். கரையும் வகை ஈரத்தை இழுக்கும், அதைப் பாதியாக்கி வைத்துவிட்டால் அடுத்த வேளைக்குள் நமத்துவிடும்.

இந்த மாத்திரையின் பெரிய குறை அதன் பெயர். குளோபசாம், குளோனசெபாம் இரண்டும் வேறு வேறு மருந்து. இரண்டும் ஒரே குடும்பம், இரண்டையும் வலிப்புக்கும் பதற்றத்துக்கும் எழுதுகிறார்கள், இரண்டும் கடையில் பக்கத்துப் பக்கத்துப் பெட்டியில் இருக்கும். ஆனால் அளவு மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். குளோனசெபாம் 0.25, 0.5, 1, 2 மி.கி. என்று வரும். குளோபசாம் 5, 10, 20 என்று வரும். குளோனசெபாமைப் பதற்றத்துக்குத் தொடங்கும்போது வேளைக்குக் கால் மி.கி. போதும். அப்படியிருக்க, 10 மி.கி. குளோபசாம் போடுகிறவருக்குக் கைமாறி 2 மி.கி. குளோனசெபாம் வந்துவிட்டால், எண் சிறிதாக இருக்கிறதே என்று நினைத்து நிம்மதியாகப் போட்டுவிட்டு அடுத்த நாள் மத்தியானம் வரை எழுந்திருக்க மாட்டார். மனச்சிதைவுக்குக் கொடுக்கும் குளோசபின் என்று மூன்றாவது ஒன்றும் இருக்கிறது, அதுவும் இதே மாதிரி காதில் விழும். அதனால் போனில் பெயர் சொல்லி வாங்குவது, பக்கத்து வீட்டுப் பையனிடம் காகிதத்தில் எழுதிக் கொடுத்து அனுப்புவது, இரண்டும் இந்த மருந்துக்கு ஆகாது. சீட்டையோ காலி அட்டையையோ கொடுத்து அனுப்புங்கள். கையில் வாங்கியதும் கவுண்டரிலேயே நின்று இரண்டு விஷயத்தைப் பாருங்கள்: எழுத்தில் "பசாம்" இருக்கிறதா, எண்ணில் புள்ளி இல்லாமல் 5, 10, 20 இருக்கிறதா. எண்ணில் புள்ளியோடு 0.25, 0.5 என்றோ, வெறும் 1, 2 என்றோ இருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

அட்டையின் இடது மேல் மூலையில் சிவப்பில் "என்ஆர்எக்ஸ்" என்று இருக்கும். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் வரும் மருந்து என்பதற்கான அடையாளம் அது. சீட்டு இல்லாமல் கொடுக்க மாட்டேன் என்கிற கடைக்காரர் சரியாகத்தான் செய்கிறார், அவர் மேல் கோபப்பட வேண்டாம். சீட்டில் டாக்டர் பெயர், பதிவு எண், தேதி, மருந்தின் பெயர், மி.கி., ஒரு நாளைக்கு எத்தனை, எத்தனை நாளைக்கு என்பது எல்லாம் தெளிவாக இருந்தால் எந்த ஊர்க் கடையிலும் சிரமம் இருக்காது. "முன்னே மாதிரியே" என்று மட்டும் எழுதிய சீட்டை வெளியூர்க் கடைக்காரர் ஏற்காமல் போனால் அதில் தப்பில்லை.

நம் பக்கத்து மெடிக்கல்களில் அட்டையைக் கத்தரித்து நாலு, ஆறு என்று கொடுக்கும் பழக்கம் உண்டு. கையில் காசு குறைவாக இருக்கும்போது அது உதவிதான். ஆனால் காலாவதித் தேதியும் பேட்ச் எண்ணும் அட்டையின் ஒரு ஓரத்தில் மட்டும் அச்சாகியிருக்கும், அந்தத் துண்டு கடையிலேயே நின்றுவிடும். உங்களுக்கு வந்த துண்டில் பெயரும் பாதி, தேதி இல்லை. பில் கேட்டு வாங்குங்கள், அதில் பேட்ச் எண்ணும் தேதியும் இருக்கும். முடிந்தவரை முழு அட்டையாகவே வாங்குங்கள்.

"கம்பெனி மட்டும் வேறங்க, மருந்து ஒண்ணுதான்" என்று கடையில் சொல்வார்கள். பதற்றத்துக்குப் போடுகிறவருக்கு அது பெரும்பாலும் சரிதான். வலிப்புக்குப் போடுகிறவர், அதுவும் பல மாதம் வலிப்பு வராமல் கட்டுக்குள் இருக்கிறவர், ஒரே கம்பெனி மாத்திரையில் நிற்பது நல்லது. விலை குறைந்தது வேண்டுமென்றால் முதலிலிருந்தே அதைத் தொடங்குங்கள். மாதத்துக்கு ஒன்றாக மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம். மாற்றித்தான் ஆக வேண்டிய நிலை வந்தால் மாற்றிய தேதியைக் குறித்து வைத்து டாக்டருக்குச் சொல்லிவிடுங்கள்.

அளவைப் பற்றி. டாக்டர் எழுதியதுதான் உங்கள் அளவு. இங்கே சொல்லும் எண்கள் சீட்டைப் படித்துப் புரிந்துகொள்ள மட்டும். பெரியவர்களுக்கு வலிப்புக்கு நாளுக்கு 5 முதல் 15 மி.கி. வரை தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். பலருக்கு 20, 30-க்குள் நின்றுவிடும். லெனாக்ஸ் காஸ்டோவுக்கு, எடை 30 கிலோவுக்கு மேல் இருந்தால் 10-ல் தொடங்கி, 7-ஆம் நாள் 20, 14-ஆம் நாள் 40 வரை போவது அச்சிட்ட முறை. 30 கிலோவும் அதற்குக் கீழும் இருந்தால் எல்லாம் அதில் பாதி. நாளுக்கு 5 மி.கி.க்கு மேல் போனால் அந்த முறையில் இரண்டு வேளையாகப் பிரிப்பார்கள், ராத்திரி வேளையைப் பெரிதாக வைப்பதும் உண்டு. வயதானவர்களுக்கு 5-ல் தொடங்கி மெதுவாகப் போக வேண்டும். காரணம், கல்லீரல் இதை உடைக்கும் வேகம் வயதில் குறைகிறது, மருந்து தேங்குகிறது, ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தால் கால் தடுமாறி விழுந்து இடுப்பு எலும்பு உடைகிறது.

உடம்புக்குள் இந்த மருந்து நடந்துகொள்ளும் விதம் தெரிந்தால் பாதிச் சந்தேகம் தீரும். போட்ட குளோபசாமில் பாதி கழிய 36 முதல் 42 மணி நேரம் ஆகும். கல்லீரல் அதை இன்னொரு பொருளாக மாற்றும், அதுவும் வேலை செய்கிற மருந்துதான், அதில் பாதி கழிய 71 முதல் 82 மணி நேரம், அதாவது ஏறக்குறைய மூன்று நாள். இதிலிருந்து மூன்று விஷயம் வருகிறது.

முதலாவது, ஒரே அளவைப் போட்டுவந்தாலும் மருந்து இரண்டு, மூன்று வாரம் வரை உடம்பில் ஏறிக்கொண்டே இருக்கும். முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை என்று இன்னும் பாதி சேர்த்துப் போட்டால், மூன்றாவது வாரம் இரண்டும் சேர்ந்து தள்ளாட வைக்கும். இரண்டாவது, ஒரு வேளை மறந்தால் அன்றைக்கே எல்லாம் கெட்டுவிடாது. ஞாபகம் வந்ததும் போடுங்கள், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிடுங்கள். இரண்டு வேளையைச் சேர்த்துப் போடக் கூடாது. மூன்றாவதுதான் ஆபத்தானது: திடீரென்று நிறுத்தினால் முதல் சில நாள் ஒன்றும் தெரியாமல் போகலாம். "நிறுத்திட்டேங்க, நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லவும் ஆரம்பித்துவிடுவார்கள். உடம்பில் இருந்த மிச்சம் கரையக் கரைய அதன் பிறகு தூக்கம் கெடுகிறது, கை நடுங்குகிறது, காரணமே இல்லாத பயம் வருகிறது. வலிப்பு உள்ளவருக்கு வலிப்பு ஒன்றன்பின் ஒன்றாக வரலாம், அது உயிருக்கே ஆபத்தான நிலை. அதற்குள் நிறுத்தியது மறந்துபோய், வேறு எதையோ காரணம் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

அதனால் நிறுத்துவது என்பதும் இந்த மருந்தில் ஒரு சிகிச்சைதான். அச்சிட்ட முறைப்படி நாள் அளவை வாரத்துக்கு 5 முதல் 10 மி.கி. வீதம் குறைக்கலாம். பல வருடம் போட்டவர்களுக்கு டாக்டர் அதைவிட மெதுவாகக் குறைப்பார். குறைக்கும் மாதங்களில் ஒரு காலண்டரில் தேதி வாரியாக எத்தனை மி.கி. என்று எழுதிச் சுவரில் மாட்டுங்கள், கணக்கு தப்பாது. கல்யாணம், காதுகுத்து, வெளியூர்ப் பயணம், நைட் ஷிஃப்ட் மாறும் வாரம், இவை வருகிற மாதத்தில் குறைக்கத் தொடங்காதீர்கள். பெண் பார்க்க வருகிறார்கள் என்று மாத்திரையை ஒளித்து வைத்து, கல்யாணத்துக்கு முந்தின வாரம் நிறுத்திவிடுவது நம் பக்கத்தில் நடக்கிறது. அந்தப் பெண்ணுக்கோ பையனுக்கோ அதைவிடக் கெடுதலான வேறொன்றைச் செய்ய முடியாது. தூக்கம் கெட்ட கல்யாண வீட்டில், மருந்து கரைந்துகொண்டிருக்கிற அதே நாளில்தான் வலிப்பு வரும்.

பதற்றத்துக்கு எழுதியவர்களுக்கு இன்னொரு கணக்கு. இது நாள்பட்ட பதற்றத்துக்கான மருந்தே இல்லை. நெருக்கடியான சில வாரங்களைத் தாண்டுவதற்கான கைத்தடி. இரண்டு முதல் நாலு வாரம் என்பதே பொதுவான வரம்பு, குறைத்து நிறுத்தும் நாளும் அதற்குள் அடக்கம். அதற்கு மேல் போனால் உடம்பு பழகிக்கொள்கிறது, பழைய அளவு போதவில்லை என்று தோன்றுகிறது, நிறுத்தினால் பதற்றம் முன்னைவிட அதிகமாகத் திரும்புகிறது, அதைப் பார்த்து "மருந்து இல்லாம முடியாது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அமெரிக்காவில் 2020-ல் இந்தக் குடும்பத்து மருந்துகள் எல்லாவற்றின் மருந்துக் குறிப்பிலும் அடிமையாதல், நிறுத்தும்போது வரும் கேடு இரண்டையும் கட்டம் கட்டி எச்சரிக்க உத்தரவிட்டார்கள். நாள்பட்ட பதற்றத்துக்கு வேறு வகை மருந்தும் பேச்சு வழிச் சிகிச்சையும் இருக்கின்றன. அவை பிடிக்கும் வரைக்கும் இடைக்காலத்துக்கு இது. டாக்டர் சீட்டில் முடியும் தேதி இல்லையென்றால் "எத்தனை நாளைக்குங்க, எப்படிக் குறைக்கணும்?" என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். மனசு மிகவும் தவிக்கும் ராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416 என்ற இலவச எண்ணில் டெலிமானஸ் என்ற மனநல உதவி தமிழிலேயே கிடைக்கிறது.

வலிப்புக்கும் இந்தப் பழகிப்போகும் தன்மை உண்டு. சிலருக்குச் சில மாதம் நன்றாக வேலை செய்து, பிறகு மெதுவாக வலு குறையும். எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை, வருடக்கணக்கில் பலன் தொடர்கிறவர்களும் நிறைய. எது உங்கள் கதை என்று தெரிய ஒரே வழி, வலிப்பு வந்த தேதி, நேரம், எவ்வளவு நேரம் இருந்தது, முந்தின ராத்திரி தூக்கம் எப்படி, மாத்திரை விட்டுப்போனதா என்று ஒரு சின்ன நோட்டில் எழுதி வருவது. டாக்டரிடம் "அடிக்கடி வருதுங்க" என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது. "வைகாசியிலே மூணு, ஆனியிலே ஏழு" என்று சொன்னால் மருந்தை மாற்றுவதா, அளவை ஏற்றுவதா என்று அவர் முடிவெடுக்க முடியும்.

பக்கவிளைவில் முதலில் வருவது தூக்கம். முதல் இரண்டு வாரமும், அளவு ஏற்றிய ஒவ்வொரு முறையும் அதிகமாக இருக்கும். நடை தள்ளாட்டம், எச்சில் வடிதல், மலச்சிக்கல், நாக்கு குழறல் வரலாம். சில குழந்தைகளிடம் இதற்கு நேர் மாறாக ஒன்று நடக்கலாம்: சாந்தமாக இருந்த குழந்தை அடம், கடி, அடி என்று மாறும். இது சேட்டையில்லை, மருந்தின் வேலை. டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைத்துப் பார்ப்பார். அடிக்கிறதற்கு முன் சீட்டைப் பாருங்கள்.

அரிதானது, ஆனால் தள்ளிப்போடக் கூடாதது ஒன்று: தோலில் தடிப்பு. 2013-ல் அமெரிக்க மருந்துத் துறை இதற்குத் தனி எச்சரிக்கை விட்டது. பெரும்பாலும் முதல் 8 வாரத்துக்குள் வரும். சிவந்த தடிப்போடு காய்ச்சல், வாய்க்குள் புண், கண் சிவப்பு, கொப்புளம், தோல் உரிதல் இதில் எது சேர்ந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அம்மை என்று வேப்பிலை கட்டிக் காத்திருந்தால் நாள் கடந்துவிடும்.

இனி வேலைக்கு வருவோம், நம் பக்கத்தில் இதுதான் பெரிய பிரச்சினை. கோவைப் பட்டறையில் லேத், பல்லடம் சோமனூரில் தறி, திருப்பூரில் துணி வெட்டும் கட்டிங் மெஷின், கவுந்தப்பாடிப் பக்கம் வெல்லம் காய்ச்சும் கொப்பரை, மஞ்சள் வேக வைக்கும் அடுப்பு, பொள்ளாச்சியில் தென்னை ஏறுவது, இவற்றில் எதுவும் மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் வேண்டாம். வலிப்பு கட்டுக்குள் வராதவர்களுக்குப் பிறகும் வேண்டாம், அது மருந்துக்காக இல்லை, வலிப்புக்காக. கிணற்று மேட்டில் மோட்டார் போடத் தனியாகப் போகாதீர்கள். கீழ்பவானி வாய்க்காலில் தனியாகக் குளிக்காதீர்கள், கூடவே ஆள் இருந்தாலும் இடுப்புக்கு மேல் தண்ணீரில் இறங்க வேண்டாம். வண்டி ஓட்டும் விஷயத்தில் சட்டமே கேட்கிறது: டிரைவிங் லைசன்ஸுக்குக் கொடுக்கும் உறுதிமொழிப் படிவத்தில் வலிப்பு உண்டா என்று நேரடிக் கேள்வி இருக்கிறது. அங்கே உண்மையை எழுதுங்கள்.

மில் வேலைக்காரர்களுக்கு ஒரு தனி யோசனை. ஷிஃப்ட் வாரத்துக்கு வாரம் மாறினால் "ராத்திரி படுக்கும்போது" என்று எழுதிய மாத்திரையை எப்போது போடுவது என்ற குழப்பம் வரும். கடிகார நேரத்தில் நிலையாக நில்லுங்கள். ராத்திரி 9 மணி என்றால் எல்லா வாரமும் 9 மணிதான். ஆனால் நைட் ஷிஃப்ட் வாரத்தில் வேலை நேரத்தில் தூக்கம் தள்ளும், அதனால் இதை டாக்டரிடம் முன்னாலேயே சொல்லி, முடிந்தால் நைட் ஷிஃப்டே வேண்டாம் என்று கம்பெனிக்குக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். தூக்கம் கெடுவதே வலிப்பைக் கூப்பிடும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு ராத்திரி பகலாக நடக்கிறவர்களும், பண்ணாரி குண்டத்துக்கு முந்தின ராத்திரி முழுக்க விழித்திருக்கிறவர்களும் இதை மறக்கக் கூடாது. வேண்டுதலை விட வேண்டாம். பகலில் நடங்கள், ராத்திரி மண்டபத்தில் ஆறு, ஏழு மணி நேரம் தூங்குங்கள், மாத்திரையை இடுப்புப் பையில் வையுங்கள், விரதம் இருந்தாலும் மாத்திரைக்கு விரதம் இல்லை. குண்டம் இறங்குவதை மட்டும் வலிப்பு உள்ளவர் வீட்டிலுள்ள வேறொருவர் பேரில் வைத்துக்கொள்ளட்டும்.

எதோடு சேராது என்பதில் முதல் பெயர் சாராயம், பிராந்தி, பீர் எல்லாம். மதுவோடு போட்டால் இரத்தத்தில் குளோபசாமின் உச்ச அளவு ஏறக்குறைய பாதி அதிகமாகிறது. அதற்கு மேல் மதுவின் மயக்கமும் சேர்ந்தால் மூச்சு அடங்கிப் போகலாம். "இன்னைக்குத் தண்ணி போட்டேன், அதனால மாத்திரை போடலை" என்பதும் தப்பு, அது நிறுத்தியதற்குச் சமம். குடிக்காமல் இருப்பது ஒன்றே வழி. வலிக்குக் கொடுக்கும் டிரமடால், இருமலுக்குக் கொடுக்கும் கோடீன் மாதிரியான ஓபியாய்டு மருந்துகளும் இதே கேட்டைச் செய்யும்.

பலருக்குத் தெரியாத ஒன்று, "கேஸ் மாத்திரை". சளிக்குப் போனாலும் கால் வலிக்குப் போனாலும் கூடவே ஒரு ஒமிப்ரசோல் எழுதிவிடுகிறார்கள். குளோபசாமில் இருந்து வருகிற அந்த இரண்டாவது பொருளை உடைக்கும் கல்லீரல் நொதியை ஒமிப்ரசோல் தடுக்கிறது, அதன் அளவு சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. தெற்காசியர்களில் கணிசமான பேருக்குப் பிறப்பிலேயே அந்த நொதி மந்தம். அப்படிப்பட்டவருக்கு வழக்கமான அளவே பல மடங்காகத் தேங்கும். இரண்டு வாரத்தில் சொக்கிப் போகிறவரைப் பார்த்தால் "சோம்பேறி" என்று சொல்லாமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். படர்தாமரைக்கு வாங்கும் ஃப்ளுகோனசோலும் இதே மாதிரி அளவைக் கூட்டும், அதைப் பல கடைகளில் கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் கலந்த இருமல் டானிக்கில் வேலை வேறு திசையில் நடக்கிறது: குளோபசாம் அந்த இருமல் மருந்தை உடம்பில் தேங்க வைக்கும். மற்ற வலிப்பு மருந்துகளான ஃபெனிடாயின், வால்ப்ரோயேட், கார்பமசெபின் எல்லாவற்றுக்கும் இதோடு ஏதோ ஒரு உறவு உண்டு. டாக்டர் தெரிந்துதான் சேர்த்திருப்பார், நீங்கள் ஒன்றை மட்டும் கழற்றக் கூடாது.

பெண்களுக்கு: கர்ப்பத்தடை மாத்திரையின் வலுவை இது குறைக்கலாம், அதை மட்டும் நம்ப வேண்டாம். குழந்தைக்குத் திட்டமிடும் மாதங்களுக்கு முன்பே நரம்பு டாக்டரிடமும் மகப்பேறு டாக்டரிடமும் பேசுங்கள், ஃபோலிக் அமிலம் அப்போதே தொடங்க வேண்டியது. கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்து அன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு வந்து விழுவது வயிற்றுப் பிள்ளைக்குப் பெரிய ஆபத்து. தாய்ப்பாலில் மருந்து கொஞ்சம் போகும். குழந்தை பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தால் காட்டுங்கள்.

மூச்சுத் திணறல் நோய், தூக்கத்தில் மூச்சு நிற்கும் குறட்டை, தசைகள் சோர்ந்துபோகும் மயஸ்தீனியா, கடுமையான கல்லீரல் கோளாறு, முன்பு போதைப் பழக்கம், இவற்றில் எது இருந்தாலும் சீட்டு எழுதுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். எழுதின பிறகு சொன்னால் மாற்றி எழுத வேண்டியிருக்கும், அதற்குள் சீட்டு மெடிக்கலுக்குப் போயிருக்கும்.

வலிப்பு வரும் நேரத்தில் இந்த மாத்திரையை வாயில் திணிக்காதீர்கள். கரையும் வகையும் கூடாது. மயங்கிக் கிடப்பவர் வாயில் எது போட்டாலும் மூச்சுக்குழாய்க்குள் போகும். இரும்புச் சாவியைக் கையில் கொடுப்பதால் ஒன்றும் ஆகாது, அதைத் தேடுகிற நேரத்தில் கடிகாரத்தைப் பாருங்கள். பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே துண்டை மடித்து வைத்து, சுற்றியிருக்கும் கூரான சாமான்களைத் தள்ளிவிட்டால் போதும். 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் மறுபடி வந்தாலோ 108. வீட்டில் வைத்துக்கொள்ள மூக்கில் அடிக்கும் மிடசோலம் மருந்து உண்டு, அதை எழுதித் தருவது பற்றி நரம்பு டாக்டரிடம் கேளுங்கள். அது இதிலிருந்து வேறு மருந்து.

அளவுக்கு மீறிப் போட்டுவிட்டால், தெரியாமல் குழந்தை எடுத்துத் தின்றுவிட்டால், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். காலி அட்டையோடு நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், வலிப்பு உள்ளவரா இல்லையா என்பதையும் முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள். இந்த மருந்தின் மயக்கத்தை முறிக்கும் ஃப்ளுமசெனில் என்ற ஊசி வலிப்பு உள்ளவருக்குப் போட்டால் வலிப்பைக் கிளப்பிவிடும், டாக்டர் அந்த முடிவை எடுக்க உங்கள் வார்த்தை தேவை.

வைக்கும் இடம். 30 டிகிரிக்குக் கீழ் என்று அட்டையில் இருக்கும். சித்திரையில் கரூரும் ஈரோடும் 40-ஐத் தொடும்போது மோட்டார் பைக் டிக்கியில் வைத்த அட்டை எந்த வெயிலில் வேகும் என்று யோசியுங்கள். அடுப்புக்கு மேலே உள்ள அலமாரியும் வேண்டாம், குளியலறை அலமாரியும் வேண்டாம். உள் அறையில் பீரோவில், குழந்தை கைக்கு எட்டாத தட்டில். வாரத்துக்குப் பிரித்துப் போடும் டப்பா வாங்கினால் முழுங்கும் மாத்திரைக்கு மட்டும் பயன்படுத்துங்கள். கரையும் வகை கடைசி நிமிடம் வரை அட்டைக்குள்ளேயே இருக்கட்டும்.

எங்கள் மதிப்பு இப்படி: வலிப்புக்கு மற்ற மருந்தோடு சேர்க்கும் துணை மருந்தாக, சின்ன மாத்திரை, சுலபமான வேளை, நிதானமாக ஏற்றலாம் என்பதால் 5-க்கு 4. பெயர்க் குழப்பத்துக்கும் பழகிப்போகும் தன்மைக்கும் ஒரு மதிப்பெண் குறைகிறது. பதற்றத்துக்கு, முடியும் தேதியோடு எழுதினால் 3. தேதி இல்லாமல் எழுதினால் எங்கள் பரிந்துரை இல்லை.

இருப்பு வைப்பது பற்றி ஒன்று பாக்கி இருக்கிறது. வலிப்புக்குப் போடுகிறவர் கையில் எப்போதும் பத்து நாளைக்கான மாத்திரை மிச்சம் இருக்க வேண்டும், அதற்குக் கீழே இறங்கும் நாளில் அடுத்ததை வாங்க வேண்டும். தாளவாடி, பர்கூர் மலைப் பக்கம் இருப்பவர்கள் பதினைந்து நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். திம்பம் மலைப்பாதையில் ராத்திரி போக்குவரத்துக் கட்டுப்பாடு இருக்கிறது, மழையில் பாறை சரிந்தால் பகலிலும் நிற்கும், சத்தியமங்கலம் இறங்கி வாங்கி வரலாம் என்ற கணக்கு அன்றைக்கு ஆகாது. சீட்டின் நகலை மலைமேல் வீட்டில் ஒன்றும், போனில் படமாக ஒன்றும், கீழே சொந்தக்காரர் வீட்டில் ஒன்றும் வையுங்கள்.